தொலைவும் தபால் கூலியும்

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருவழியில், தென்காசிக்குக் கிழக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாவூர்சத்திரம். சத்திரத்தைத் தன் பெயரிலேயே தாங்கிய அவ்வூர், காய்கறிச் சந்தையாலும் மரம் அறுக்கும் ஆலைகளாலும் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. சந்தையில் மூட்டைகள் வந்து இறங்கும். விலை பேசி முடிந்ததும் வேற்றூர் வண்டிகளில் ஏறும். மூட்டைக்கு இவ்வளவு வண்டிச்சத்தம் என்று பேசும்போது, தென்காசிக்கு ஒரு தொகையும், திருநெல்வேலிக்கு அதனினும் மிகுந்த தொகையும், மலையைக் கடந்து கேரளத்துக்குச் செல்வதாயின் இன்னும் மிகுந்த தொகையும் கேட்பர். தூரம் கூடினால் சத்தமும் கூடும் என்பது அவ்வூர்ச் சிறுவர்க்கும் தெரிந்த கணக்கு.

அதே ஊரின் அஞ்சலகத்தில் இக்கணக்குச் செல்லுவதில்லை. 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விரைவு அஞ்சல் கட்டணப் பட்டியலை எடுத்துக்கொண்டால், 400 கிராம் எடையுள்ள பொட்டலம் ஒன்றை ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள திருநெல்வேலிக்கு அனுப்ப 70 ரூபாய். அதனையே 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள டில்லிக்கு அனுப்ப 93 ரூபாய். தொலைவு ஐம்பது மடங்குக்கு மேற்பட்டும் கூலி 23 ரூபாயே மிகுகின்றது. 50 கிராமுக்கு உட்பட்ட உறையாயின் அவ்வேறுபாடும் இல்லை. இரண்டு ஊர்களுக்கும் 47 ரூபாய்தான். வரி இவற்றின்மேல் தனி.

இனி, நிலப்படத்தில் கொழும்பு நகரை நோக்குக. நேர்கோட்டில் அளந்தால் பாவூர்சத்திரத்துக்குச் சென்னையைவிடக் கொழும்பே அண்மையில் உள்ளது. ஆயினும் கொழும்புக்குச் செல்லும் பொட்டலத்தை உள்நாட்டுப் பட்டியலால் மதிப்பிட இயலாது. அதற்கு அயல்நாட்டுப் பட்டியல் உண்டு. அதிற் காணும் விரைவு அஞ்சற் கட்டணம் உள்நாட்டுக் கட்டணத்தைப் போலப் பன்மடங்கு. அண்மையிலுள்ள ஊருக்கு மிகுந்த கூலியும், சேய்மையிலுள்ள ஊருக்குக் குறைந்த கூலியும் அமைந்தது எவ்வாறு?

இவ்வினா வெறும் வேடிக்கை வினா அன்று. கைப்பேசி வாயிலாகப் பொருள் வாங்கும் இக்காலத்தில் எளிய குடும்பத்தின் பணப்பையையும் அது தொடுகின்றது. பாவூர்சத்திரத்தில் ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி, பள்ளியின் அறிவியற் கண்காட்சிக்காக உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று வாங்க விரும்பினாள் என்று கொள்க. பீடி சுற்றும் தாய் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த 350 ரூபாய் அவள் கையில் இருந்தது. கண்காட்சிக்கு மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன. மதுரையிலுள்ள கடை ஒன்று அக்கண்ணாடிக்கு 250 ரூபாய் விலையும், விரைவு அஞ்சலுக்கு 70 ரூபாயும், அக்கூலியின்மேல் நூற்றுக்கு 18 வீதம் வரியும் கேட்டது. ஆக 332 ரூபாய் 60 காசு. கடல் கடந்த நாட்டிலுள்ள மற்றொரு கடையோ, “விலை 290 ரூபாய், அஞ்சற் கூலி இல்லை” என்று அறிவித்திருந்தது. மதுரையிலிருந்து வர 82 ரூபாய் 60 காசு ஆகும்போது, கடல் கடந்து வருவதற்கு ஒரு காசும் ஆகாதா என்று அவள் மயங்கினாள்.

அம்மயக்கம் தீர வேண்டுமாயின் அஞ்சற் கூலி வளர்ந்த வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

முற்காலத்தில் தபாலும் வண்டிச்சத்தம் போலவே தொலைவைக் கொண்டு கணக்கிடப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், ஒரு தோலா எடையுள்ள கடிதத்தைக் கல்கத்தாவிலிருந்து ஆக்ராவுக்கு அனுப்ப 12 அணாவும், பம்பாய்க்கு அனுப்ப ஒரு ரூபாயும் ஆயின. அந்நாளில் ஒரு ரூபாய் என்பது ஏழைக்குப் பெருந்தொகை. இங்கிலாந்திலும் நிலைமை இவ்வாறே இருந்தது. அங்குத் தாள்களின் எண்ணிக்கையையும் வழியின் நீளத்தையும் கணக்கிட்டு, பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரிடமே கூலி வாங்கினர். கையிற் காசில்லாதவர் தமக்கு வந்த கடிதத்தைக் கண்ணாற் பார்த்துத் திருப்பி அனுப்புவதும் உண்டு.

1837ஆம் ஆண்டில் ரோலண்டு ஹில் என்னும் ஆங்கிலேயர் அஞ்சல் துறையின் சீர்திருத்தம் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் அஞ்சல் துறையில் ஊழியம் பார்த்தவர் அல்லர், ஆசிரியராய் இருந்தவர். எனினும் அத்துறையினர் காணாத ஒன்றை அவர் கணக்கிட்டுக் கண்டார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல உண்மையில் ஆகும் செலவு, ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்கே! ஏனெனில் ஒரே வண்டியில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் செல்லுகின்றன. வழிச் செலவு அத்தனைக்கும் பங்கிடப்படுகின்றது. அவ்வாறாயின் எஞ்சிய செலவு எங்கே உள்ளது? கடிதத்தை வாங்கிக் கணக்கெழுதும் முதல் முனையிலும், வீடு தேடிச் சென்று கொடுக்கும் கடைசி முனையிலும் உள்ளது. இவ்விரண்டும் அண்மைக் கடிதத்துக்கும் சேய்மைக் கடிதத்துக்கும் பொது. ஆதலின் தொலைவை நோக்காமல் ஒரே கட்டணத்தை முன்னதாகவே வாங்கிவிடலாம் என்றார் அவர். 1840ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் அந்நாட்டில் ஒரு பென்னித் தபால் வந்தது.

இந்தியாவில் அம்முறை 1854ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கியது. கால் தோலாக் கடிதத்துக்கு அரை அணா. ஒரு தோலாவுக்கு இரண்டு அணா. பம்பாய்க்கு ஒரு ரூபாய் கொடுத்தவர் இப்பொழுது அதில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தாற் போதும். திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்க்கும் கல்கத்தா மாநகருக்கும் இடையே கட்டண அளவில் தொலைவு என்பதே இல்லையாயிற்று. பெருநகரக் கடிதங்களில் மிகும் பணமே சிற்றூர்க் கடிதங்களின் குறையை நிரப்புகின்றது என்பதனையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். ஒதுக்கமான ஊர் என்று தனிக்கூலி விதிக்கும் தனியார் நிறுவனங்களைப் பார்க்கும்போதுதான் இவ்வேற்பாட்டின் அருமை விளங்கும். அஞ்சல் வழியாகப் பொருள் வாங்குவதும் புதியதன்று. பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் வி.பி.பி. முறை இந்தியாவில் 1877ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. சென்னைக் கடைகளிலிருந்து நூல்களையும் கைக்கடிகாரங்களையும் அவ்வாறு வரவழைத்த தாத்தாக்கள் பலர்.

தொலைவு மறைந்தபின் கூலியை நிருணயித்தது எல்லை. இதற்குச் சான்று தேடித் தென்காசிப் பக்கத்தார் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தென்காசிக்கு மேற்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டரில் செங்கோட்டை உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை அது மலையாள நாட்டோடு சேர்ந்திருந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உரியது. அச்சமஸ்தானத்தார் தமக்கெனத் தனித் தபாலை நடத்தினர். அதன் பெயர்தான் ‘அஞ்சல்’. 1888ஆம் ஆண்டிலிருந்து சங்கு முத்திரை பொறித்த தனித் தலைகளையும் வெளியிட்டனர். அத்தலையை ஒட்டிய கடிதம் செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மலைகளைக் கடந்து செல்லும். ஆயின் கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள தென்காசிக்கு அது செல்லாது. தென்காசிக்கு எழுத வேண்டுமாயின் பிரிட்டிஷ் இந்தியத் தலையை வாங்கி ஒட்டி, அவ்வரசின் தபால் வழியே அனுப்ப வேண்டும். இந்நிலை 1951ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அத்தபால் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தபோது நீங்கியது. அத்தபாலின் பெயர் மட்டும் இன்று தமிழ்நாடெங்கும் வழங்குகின்றது.

இதற்கு நேர்மாறானது இரங்கூனின் செய்தி. பர்மா 1937ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முதல் நாள்வரை, வங்கக் கடலுக்கு அப்பாலிருந்த இரங்கூன் இந்தியத் தபாலுக்கு உள்நாட்டு ஊர். அங்கு உழைக்கச் சென்ற தமிழர் தம் வீட்டுக்கு உள்நாட்டுக் கடிதமாகவே எழுதினர். மறுநாள் முதல் அது வேற்று நாட்டுக் கடிதம். கடல் அகலவில்லை, கப்பலும் மாறவில்லை. காகிதத்தில் ஒரு கோடு மாறிற்று, அவ்வளவே.

நாடுகளுக்கிடையே கடிதம் செல்லுவது ஒரு காலத்தில் பெருஞ்சிக்கலாய் இருந்தது. ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே உடன்படிக்கை செய்தது. கடிதம் செல்லும் வழிக்கேற்பக் கூலி மாறியது. இக்குழப்பத்தை நீக்க, 1874ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன. அதிலிருந்து உருவானதே உலக அஞ்சல் ஒன்றியம். இந்தியா அதில் 1876ஆம் ஆண்டு சேர்ந்தது. அஞ்சலைப் பொறுத்தமட்டில் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒரே நிலப்பரப்பு என்பது அவர்கள் கொண்ட கொள்கை.

அவ்வுடன்படிக்கையில் எளிய விதி ஒன்று இருந்தது. தலை விற்ற பணத்தை அனுப்பும் நாடே வைத்துக்கொள்ளும். பெறும் நாடு தன் தபால்காரரைக் கொண்டு கூலியின்றி வழங்கும். ஒரு கடிதத்துக்கு ஒரு மறுமொழி வரும். ஆகவே இரண்டு நாடுகளுக்கும் கணக்கு நேராகிவிடும் என்று கருதினர். கடிதத்தைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையே. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பலர் சிங்கப்பூருக்குச் சென்று வாழ்ந்தனர். 1946ஆம் ஆண்டில் உமறுப் புலவர் பெயரால் அங்கொரு தமிழ்ப் பள்ளியை நிறுவுமளவு கடையநல்லூரார் வேரூன்றினர். அவர்கள் எழுதினால் ஊரிலிருந்து மறுமொழி சென்றது. ஊரார் எழுதினால் அங்கிருந்து மறுமொழி வந்தது. தராசு ஏறக்குறைய நேராய் நின்றது.

ஆயின் கடையிலிருந்து வரும் பொட்டலத்துக்கு மறுமொழிப் பொட்டலம் ஏது? ஒரு நாட்டார் விற்றுக்கொண்டே இருக்க, மற்றொரு நாட்டார் வாங்கிக்கொண்டே இருப்பின், வாங்கும் நாட்டுத் தபால்காரர் கூலியின்றிச் சுமக்க நேரும். இக்குறையை நீக்க, 1969ஆம் ஆண்டு டோக்கியோவிற் கூடிய ஒன்றியப் பேரவை, பெறும் நாட்டுக்கு அனுப்பும் நாடு ஒரு தொகை செலுத்த வேண்டும் என முடிவு செய்தது. அதனை முடிவிடக் கூலி எனலாம். வளரும் நாடுகள் செலுத்த வேண்டிய வீதம் குறைவாக வைக்கப்பட்டது. சீனாவும் நெடுங்காலம் அச்சலுகையைப் பெற்றது.

இணைய வாணிகம் பெருகியபோது இச்சலுகை எதிர்பாராத பயனை விளைத்தது. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் சிறு பொட்டலத்தின் கூலி, அமெரிக்காவுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அனுப்பும் கூலியைவிடக் குறைந்துவிட்டது! அமெரிக்கச் சிறு வணிகர், தம் தெருவிலுள்ள வாடிக்கையாளரிடமே கடல் கடந்த கடையோடு போட்டியிட இயலாமல் முறையிட்டனர். 2018ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசு ஒன்றியத்தை விட்டே விலகப்போவதாக அறிவித்தது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜினீவாவில் ஒன்றியத்தின் சிறப்புப் பேரவை கூடியது. 145 ஆண்டுக் கால ஒன்றியம் உடையாது காக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு சூலை முதல் தனக்குரிய வீதத்தைத் தானே விதிக்க அமெரிக்காவுக்கு வழி பிறந்தது. வளரும் நாட்டுக்குச் சலுகை தருவது தவறன்று. கடிதத்துக்கென வகுத்த விதியைக் கடைச் சரக்குக்கும் நெடுநாள் நீட்டியதே தவறு.

மாணவியின் 290 ரூபாய்க் கண்ணாடிக்கு மீள்வோம். அஞ்சற் கூலி இல்லை என்பதன் பொருள், கூலி விலைக்குள் மறைந்துள்ளது அல்லது வேறொருவர் அதன் ஒரு பகுதியைச் சுமக்கின்றார் என்பதே. மேலும், அயல்நாட்டுப் பொட்டலம் சுங்கத்தைக் கடந்தே வரவேண்டும். சுங்க வரி பொருளின் விலைமீது மட்டும் கணக்கிடப்படுவதன்று. விலை, ஏற்றுகூலி, காப்பீடு ஆகியவற்றைக் கூட்டிய மதிப்பின்மேல் கணக்கிடப்படுவது. அதாவது கூலிக்கும் வரி உண்டு. அவள் தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டாள். 290 ரூபாயின்மேல் வரி நூற்றுக்கு 15 ஆயினும் 43 ரூபாய் 50 காசு. கூட்டினால் 333 ரூபாய் 50 காசு. மதுரைக் கடையின் தொகையை அது அப்பொழுதே கடந்துவிடுகின்றது. வரி நூற்றுக்கு 25 ஆயின் 362 ரூபாய் 50 காசு. கையிலுள்ள 350 போதாது. சுங்கத்திலிருந்து பொருளை விடுவித்துக் கொண்டுவருபவர் கையாளுங்கூலி கேட்பின் அது வேறு.

நாளும் ஒரு செலவே. அயல்நாட்டுக் கடை 15 முதல் 40 நாள் என்று எழுதியிருந்தது. கண்காட்சி முடிந்தபின் வரும் கண்ணாடி, இலவசமாய் வந்தாலும் அவளுக்குப் பயன்படாது. உடைந்து வருமாயின் திருப்பி அனுப்ப வேண்டும். அப்பொழுது பாவூர்சத்திரத்திலிருந்து செல்லும் அப்பொட்டலத்துக்கு முழு அயல்நாட்டுக் கட்டணம் அவளே செலுத்த நேரும். வாங்கும்போது எவரும் எண்ணிப் பாராத கணக்கு இது.

இதனால் அயல்நாட்டிலிருந்து எதனையும் வாங்கலாகாது என்பதன்று. இந்நாட்டிற் கிடையாத கருவியோ நூலோ அங்கிருந்துதான் வரவேண்டும். நூலுக்கு உள்நாட்டில் தனிச் சலுகையும் உண்டு. 2025ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கிய ‘கியான் போஸ்ட்’ முறையில், கல்வி நூல்களை 300 கிராமுக்கு 20 ரூபாய் முதல் ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய் வரையிலான கட்டணத்தில், வரி நீங்கலாக, நாட்டின் எம்மூலைக்கும் அனுப்பலாம் என வகுத்தனர். விரைவு குறைவு, ஆயினும் சிற்றூர்ப் படிப்பகத்துக்கு இதனினும் நல்ல செய்தி அரிது.

விற்பவர் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடை, கோரைப் பாய்க்குப் பெயர் போனது. அங்கிருந்து ஒரு பாயைச் சுருட்டி அனுப்புவதாகக் கொள்க. பாயின் எடை ஒரு கிலோ. சுருளின் நீளம் 100 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் 12 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 14,400. கூரியர் நிறுவனங்கள் இதனை 5,000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்ளுகின்றன: 2.88 கிலோ. தராசு ஒரு கிலோ என்று காட்டினும், அடைக்கும் இடத்தைக் கருதி ஏறத்தாழ மூன்று கிலோவுக்குக் கூலி வாங்குவர். வானூர்தியில் இடமே விலையுயர்ந்தது. அப்பாயையே மடித்து 50 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டியில் வைக்க இயலுமாயின், பெருக்குத்தொகை 7,500. கணக்கில் வரும் எடை ஒன்றரைக் கிலோ. உள்நாட்டில் இவ்வேறுபாடு சில ரூபாய். அயல்நாட்டில் அதுவே ஆதாயத்தை விழுங்கிவிடும்.

சிறு வணிகர் அயல்நாட்டுக்கு அனுப்புவதை எளிதாக்க, 2022ஆம் ஆண்டு முதல் இந்திய அஞ்சல் துறை அஞ்சலக ஏற்றுமதி மையங்களைத் திறந்தது. அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது. எனினும் எல்லையின் வலிமையை 2025ஆம் ஆண்டு மறுபடியும் காட்டிற்று. 800 டாலருக்கு உட்பட்ட பொட்டலங்களுக்குத் தந்திருந்த வரிவிலக்கை அமெரிக்கா அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் நீக்கியது. அவ்வரியை யார் வாங்குவது, எவ்வாறு செலுத்துவது என்பது தெளிவாகாமையால், இந்திய அஞ்சல் துறை ஆகஸ்டு 25ஆம் நாள் முதலே அந்நாட்டுக்குப் பெரும்பாலான பொட்டலங்களை ஏற்பதை நிறுத்தியது. பிற நாடுகள் பலவும் அவ்வாறே செய்தன. பேரக் குழந்தைக்கு எடுத்த துணியும், விழாக் காலத்தை நம்பிச் செய்த கைவினைப் பொருளும் ஊரிலேயே தங்கின. அக்டோபர் 15ஆம் நாள் வழி மீண்டும் திறந்தது. அப்பொழுது முதல் வரியை அனுப்புபவரே அஞ்சலகத்தில் முன்னதாகச் செலுத்தும் முறை வந்தது. விலையும் கூலியும் மட்டும் எழுதிய விற்பனையாளரின் கணக்கேட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்ந்தது.

மாணவி மதுரைக் கடைக்கே எழுதினாள். நான்காம் நாள் தபால்காரர் அவள் வீட்டு வாயிலில் சிறு பெட்டி ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். மேலுறையில் ஒட்டிய சீட்டில் எடை 310 கிராம் என்றும், கூலி வரியுடன் 82 ரூபாய் 60 காசு என்றும் அச்சிட்டிருந்தது. எஞ்சிய 17 ரூபாய் 40 காசை அவள் தாயிடம் திருப்பிக் கொடுத்தாள்.